பெத்தவங்களைப் பார்த்துக்கறதுக்குக் கூலியா?

வாசகர் ஒருவர் எழுதியது, 9 ஜூன் 2024

கேரளாவில் படுத்த படுக்கையா கிடக்கறவங்களைப் பார்த்துக்கற வீட்டு ஆளுக்கு அரசாங்கம் மாசாமாசம் பணம் தருதாம். பெத்தவங்களைப் பார்த்துக்கறதுக்குக் கூலியா? எங்க பாட்டியை எங்க அம்மா பத்து வருஷம் பார்த்தாங்க, ஒரு பைசா கேக்கலை. எல்லைப் பக்கம் இருக்கறவங்க யாராவது இது உண்மையான்னு சொல்லுங்க.

பதில், 9 ஜூன் 2024, இரவு

உண்மைதான். ஆஸ்வாசகிரணம் என்று பேர். கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்துகிறது. மாசம் 600 ரூபாய். கூலி என்று நீங்கள் சொன்னதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளுக்கு 20 ரூபாய் வருகிறது, ராத்திரி ஷிப்டும் சேர்த்து. இந்தக் கூலிக்கு ஆள் இருந்தால் சொல்லுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன்.

10 ஜூன்

நேற்று அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ட்யூப்பில் கஞ்சி ஊற்றும் நேரம், அதனால் அதோடு நிறுத்திவிட்டேன். இன்று கொஞ்சம் விவரமாக.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கட்டிக் கொடுத்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடலாம். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும். அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்காரருக்குக் கிணத்துக்கடவில் கம்பெனி வேலை. நான் பிளவுஸ் தைப்பவள். இப்போது முகூர்த்த மாசத்தில் கூட ஆர்டர் எடுப்பதில்லை. தேதி சொல்லித் துணியை வாங்கிவிட்டு அன்றைக்குக் கொடுக்க முடியாமல் போனால் கல்யாண வீட்டுக்காரர்கள் வாயில் யார் விழுவது?

"எங்க அம்மா ஒரு பைசா கேக்கலை" என்கிறீர்கள். கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? கேட்க ஒரு இடமே இல்லாத காலத்தில் கேட்காமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவுக்கு இப்போது இடுப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். தூக்கித் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அங்கேதான் பிடிக்கும்.

அப்புறம், இந்த 600 எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பஞ்சாயத்துப் பகுதியில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்குள், நகராட்சியில் 22,375க்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு. அந்த வருமானத்தில் நோயாளி இல்லாத குடும்பமே ஓடாது. எப்போதும் கூடவே ஒரு ஆள் வேண்டும் என்று அரசு டாக்டர் சான்று கொடுக்க வேண்டும். விண்ணப்பம் அங்கன்வாடிகளைப் பார்க்கும் ஐசிடிஎஸ் ஆபீஸ் வழியாகப் போகும். பணம் நிலுவையில் கிடப்பதைப் பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ தடவை வந்துவிட்டது. எங்களுக்கு இந்த 600 கிடையாது, வீட்டுக்காரர் சம்பளம் வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே இதை எனக்காக வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

12 ஜூன்

பணம் வாங்கினால் பாசம் குறைந்துபோகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மகப்பேறு நிதியுதவி வாங்கின யாருக்கும் பிள்ளை மேல் பாசம் குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

19 ஜூன்

பணத்தை விட்டுத் தள்ளுங்கள். இங்கே நிஜமாகவே கைகொடுப்பது பாலியேட்டிவ் சிஸ்டர்தான், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வேதனையைத் தணிக்க வீட்டுக்கே வரும் நர்ஸ். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு நர்ஸ், கூட ஒரு ஆஷா சுகாதாரப் பணியாளர், சில நாள் வார்டு மெம்பரும். ஜீப்பில் வருவார்கள். யூரின் ட்யூப் மாற்றுவது, மூக்குக் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் வீட்டிலேயே நடக்கும், காசு கிடையாது.

1993இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் சின்னதாகத் தொடங்கிய வலி நிவாரண வேலை இது. அப்புறம் மலப்புறம் பக்கத்தில் டாக்டர் அல்லாதவர்கள், அதாவது வாத்தியார்கள், கடைக்காரர்கள், டிரைவர்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். இப்போது பஞ்சாயத்துத் திட்டப் பணத்திலேயே இதற்கும் ஒதுக்குகிறார்கள்.

சிஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன், யாருக்காவது ஆகும். அத்தைக்குக் குதிகாலில் தோல் சிவந்து போயிருந்தது. நான் தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு தலையணையை எடுத்துக் கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் வைத்தார். குதிகால் தலையணை ஓரத்தைத் தாண்டி அந்தரத்தில் நின்றது, மெத்தையில் படவே இல்லை. குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு இழுத்துக் காட்டினார், தடங்கல் இல்லாமல் வந்தது. "இது போதும், தேய்க்காதே" என்றார். சிவந்த இடத்தில் தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் நைந்துபோகுமாம். நடுவில் ஓட்டை விட்ட ரப்பர் வளையம் விற்கிறார்களே, அதுவும் கூடாது. அது சுற்றி இருக்கும் இடத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும்தான். பழைய காட்டன் சேலையை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு வைத்தால், அதைப் பிடித்து இழுத்தே திருப்பிவிடலாம், உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. ட்யூப்பில் ஊற்றும்போது தலைமாடு உயரமாக இருக்கட்டும், ஊற்றி முடித்தும் அரைமணி நேரமாவது அப்படியே விடுங்கள். சாய்த்துவிட்டால் கஞ்சி மேலே ஏறி நெஞ்சுக்குள் போய் நிமோனியா வரும்.

20 ஜூன்

"இதுக்கெல்லாம் ஹோம் நர்ஸ் வெச்சுக்கலாமே" என்று கேட்டவருக்கு: வெச்சுக்கலாம். ஏஜென்ஸியில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகைக்கு வீட்டுக்காரர் சம்பளத்தை அப்படியே கவரில் போட்டு அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டும். சாப்பாடு வேறு நம்முடையது.

2 ஜூலை

எல்லைப் பிரச்சினையைப் பற்றி எருத்தேம்பதியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அவருடைய மாமனாரின் ரேஷன் கார்டு கோயமுத்தூர் மகன் வீட்டில் இருக்கிறது, ஆள் கிடப்பது இங்கே. இந்தப் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான். 2024 கணக்குப்படி தமிழ்நாட்டில் கடுமையான ஊனம் இருப்பவர்களுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, முதியோர் பென்ஷன் 1,200. இங்கே முதியோர் பென்ஷன் அப்போது 1,600. எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்துக் கார்டை அந்தப் பக்கமே விட்டுவைப்பவர்கள் உண்டு. நான் அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் பஞ்சாயத்துப் பட்டியலில் பேர் ஏற, படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையான ஏர்பெட் வாங்க, வருமானச் சான்று எடுக்க என்று எதற்குப் போனாலும் முதலில் கார்டைத்தான் கேட்கிறார்கள். கட்டில் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பேப்பரை மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி. 400 ரூபாய் கூடவோ குறையவோ என்பதைவிடப் புண் வந்த அன்றைக்கு ஜீப் வருமா என்பதுதான் பெரிசு.

ஊனச் சான்று மட்டும் எங்கே எடுத்தாலும் செல்லும். யுடிஐடி என்கிற ஊன அடையாள அட்டை நாடு முழுக்க ஒன்றுதான். பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "வயசானவங்களுக்கு எதுக்கு ஊனச் சான்று" என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் அம்மா ஆனைமலைப் பக்கம் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அங்கே மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். பிசியோதெரபிக்கும் ஆள் வருகிறார். இங்கே எனக்கு பிசியோதெரபிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஆக, கேரளாவில்தான் எல்லாம் இருக்கிறது, தமிழ்நாட்டில் ஒன்றும் இல்லை என்று பேசுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கவும்.

3 ஜூலை

ஒரு சின்ன விஷயம், நேற்றே எழுதியிருக்க வேண்டியது. மனு மலையாளத்தில்தான் எழுத வேண்டும் என்று பயந்து யாரும், அரசு மனுக்கள் போட்டுத் தரும் அக்ஷயா சென்டரில் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969இல் வந்தது, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே எழுத இடம் தருகிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். நம் பகுதி அதில் வரும். தமிழில் எழுதிக் கொடுங்கள். கவுன்டரில் ஒருமுறை புருவம் உயரும், அவ்வளவுதான்.

21 ஜூலை

இந்த இழையில் மச்சாண்டார்கள், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன்மார், பற்றிய புகார் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் மச்சாண்டார் கோயமுத்தூரில் கார் வைத்திருக்கிறார், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து "அம்மா இளைச்சுட்டாங்களே" என்று கேட்டுவிட்டுப் போகிறார். சரி, இதற்குச் சட்டம் இருக்கிறது. 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) மட்டத்தில் தீர்ப்பாயம். பெற்றவர்கள் மனுக் கொடுத்தால், அவர்களால் முடியாதபோது அவர்கள் சார்பில் வேறொருவர் கொடுத்தால், பிள்ளைகள் மாசம் 10,000 ரூபாய் வரை தர வேண்டும் என்று உத்தரவு போடலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் "பிள்ளைகள்" என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. சேர்க்கலாம் என்று 2019இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. அதாவது சட்டப்படி என் அத்தையைப் பார்க்க வேண்டிய கடமை என் மச்சாண்டாருக்கு உண்டு, வீட்டுக்காரருக்கு உண்டு, நாத்தனாருக்கு உண்டு, கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குக் கூட ஒருவகையில் உண்டு. எனக்கு மட்டும் கிடையாது. இதை நான் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "அப்ப நீ லீவு எடுத்துக்கோ" என்று சிரித்தார். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு டயபர் மாற்ற அவரையே எழுப்பினேன். மாற்றினார். நல்லாத்தான் மாற்றினார் என்பதையும் பதிவு செய்கிறேன். கொஞ்சம் பெரிய மனசு பண்ணி ஓரத்து டேப்பை மட்டும் நான் சரி செய்தேன்.

2019இல் நாடு முழுக்க நேரக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. வீட்டு ஆட்களைக் கூலியில்லாமல் பார்த்துக்கொள்பவர்களில் பெண்கள் சராசரியாக நாளுக்கு 134 நிமிஷம், ஆண்கள் 76 நிமிஷம். குழந்தைகளைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. "ரெண்டு மணி நேரம்தானே" என்று இதைக் காட்டி யாராவது வந்தால், படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டில் மீதி இருபத்திரண்டு மணி நேரமும் காது அந்த அறையில்தான் இருக்கும் என்று சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட்

வெளிநாட்டில் எல்லாம் எப்படி என்று கேட்டவருக்கு. எனக்குத் தெரிந்த வெளிநாடு ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சேச்சியின் மகள் இங்கிலாந்துக்குக் கேரர் (பராமரிப்பு வேலை) விசாவில் போயிருக்கிறாள். வாரக் கடைசியில் சேச்சி போனை என் கையில் திணிப்பார், அப்படித் தெரிந்த கதை.

அங்கே வாரம் 35 மணி நேரமாவது ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆளுக்கு 2024இல் வாரம் 81 பவுண்டு 90 பென்ஸ் தந்தார்கள். நம் 600க்கு முன்னால் மலை மாதிரி தெரிகிறது இல்லையா? அதில் ஒரு கண்ணி. நீங்கள் வேறு வேலை பார்த்து, வரி போன்ற கழிவுகள் போக வாரம் 151 பவுண்டுக்கு (2024 வரம்பு) மேல் சம்பாதித்தால் மொத்தமும் போச்சு. ஒரு பவுண்டு கூடினாலும் முழுசும் போகும். தெரியாமல் வரம்பைத் தாண்டினவர்களிடம் வருஷக்கணக்காக வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொல்லி ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டிருக்கிறார்கள். 2024இல் அது அங்கே பெரிய செய்தி. மிச்ச நேரத்தில் நாலு பிளவுஸ் தைக்கிற என்னைப் போன்றவள் அங்கே இருந்தால் கணக்கு நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது பணம் சம்பந்தப்படாத வேறொன்று. 2014இல் அவர்கள் போட்ட பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்ளும் ஆளின் தேவை என்ன என்று உள்ளூர் கவுன்சில் தனியாக விசாரிக்க வேண்டும். நோயாளியின் தேவை வேறு, பார்ப்பவரின் தேவை வேறு. நீ தூங்குகிறாயா, உன் வேலை என்ன ஆச்சு, இதை இன்னும் தொடர உனக்கு விருப்பம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்களாம். கேட்டுவிட்டுக் காசில்லை என்று கைவிரிக்கும் கவுன்சில்களும் உண்டு என்று அவள் சொன்னாள். இருக்கட்டும். விருப்பம் இருக்கிறதா என்ற கேள்வியை இந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வெள்ளைப் பேப்பரில் அச்சடித்து ஒரு ஆபீசர் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். விருப்பம் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று சொல்லியிருப்பேன்.

சேச்சியின் மகள் அங்கே அரைமணி, கால்மணி என்று வீடு வீடாகப் போய் வெள்ளைக்காரப் பாட்டிகளைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு வருகிறாள். இங்கே சேச்சிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனபோது நான்தான் கக்கூஸுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். சேச்சி பதிலுக்கு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நாமம் ஜபிப்பார்.

12 ஆகஸ்ட்

நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒன்றுமே இல்லையா என்று கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 24ஆவது பிரிவில் உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்கு, அதாவது பிறர் உதவி நிறையத் தேவைப்படுபவர்களுக்கு, பராமரிப்பாளர் படி என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு எப்படி மனுப் போடுவது என்று 38ஆவது பிரிவில் இருக்கிறது. படி நோயாளியின் கணக்கில்தான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவை உள்ள பிள்ளைகள் இருந்தால் நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டையும் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை.

17 செப்டம்பர்

ஓணத்துக்கு நாத்தனார் இரண்டு நாள் வந்திருந்தாள். முதல் நாள் "அண்ணி, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். படுத்தேன். ட்யூப்பில் எவ்வளவு ஊற்றணும், சிரிஞ்சு எங்கே, எந்தப் பக்கம் திருப்பணும் என்று அவள் கேட்ட கேள்விகளுக்குப் படுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிச் சுவரில் ஆணியில் மாட்டினேன். இரண்டாவது நாள் பஸ் ஏறி வேலந்தாவளம் போய் ஒன்றும் வாங்காமல் துணிக்கடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்தேன். சேலையை விரித்துப் போட்ட கடைப் பையன்கள் என்னைச் சபித்திருப்பார்கள்.

நான் இந்த இழையில் சொல்ல வருவதெல்லாம் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. 600ஐ 6,000 ஆக்கினாலும் அந்த மத்தியானத்தை அதில் வாங்க முடியாது. விஷயம் தெரிந்த ஒரு ஆள் வாரத்துக்கு ஒருமுறை வந்து மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். பாலியேட்டிவ் ஜீப் அத்தைக்காக வருகிறது, வரட்டும். எனக்காக ஒரு ஆள் வேண்டும். ட்யூப், டயபர் எல்லாம் தெரிந்த பெண்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். தன் வீட்டு ஆள் போய்ச் சேர்ந்த பின் அந்தக் கைவேலையைச் சும்மா வைத்திருப்பவர்களும் உண்டு. கேரளப் பெண்கள் சுய உதவிக் குழுவான குடும்பஸ்ரீ ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. அவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று பஞ்சாயத்து கொடுத்தால் ஆச்சு. இதைத்தான் கூலி என்று சொல்ல வேண்டும், சந்தோஷமாகச் சொல்லலாம்.

6 அக்டோபர்

கிராம சபையில் கேட்டேன். பாலியேட்டிவ் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் பேச்சு வந்தபோது எழுந்து, பார்த்துக்கொள்கிற ஆளுக்கு வாரம் மூன்று மணி நேரம் மாற்று ஆள் என்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அப்ப மாட்டைப் பாத்துக்கறவனுக்கும் லீவு வேணும்" என்றார். சிரிப்பு. முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி, "உங்க மாடு ராத்திரி ரெண்டு மணிக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுமா?" என்று கேட்டார். அவர் வீட்டிலும் மறதி நோயில் ஒருவர் இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. மெம்பர் நோட்டில் எழுதிக்கொண்டார். எந்தத் தலைப்பில் எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன், "மற்றவை".

3 நவம்பர்

இங்கிலாந்துக் கணக்கில் ஒரு திருத்தம். அங்கே போன வாரம் பட்ஜெட். அந்த 151 பவுண்டு வரம்பை 2025 ஏப்ரலிலிருந்து 196 ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாண்டினால் மொத்தமும் போகும் என்பது அப்படியேதான் இருக்கிறது.

கரண்ட் போனால் ஏர்பெட் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: பம்ப்பிலிருந்து குழாயைக் கழற்றி உடனே மூடியைப் போடுங்கள், மூடி இல்லாவிட்டால் மடக்கி ரப்பர் பேண்டு. கொஞ்ச நேரம் காற்று நிற்கும். திருப்புவதை நிறுத்த வேண்டாம். ஏர்பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும்.

கிராம சபை மூன்று மாசத்துக்கு ஒருமுறை. வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள் கணக்கு, சேரும். நோட்டீஸ் அங்கன்வாடிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுவார்கள். எருத்தேம்பதி, வடகரைப்பதிக்காரர்கள் உங்கள் வார்டிலும் இதையே கேளுங்கள். ஒரே விஷயத்தை மூன்று பஞ்சாயத்தில் கேட்டால் "மற்றவை"யில் எழுதுவது அவர்களுக்கே கஷ்டமாகிவிடும். வீட்டில் ஆளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்காதீர்கள், அதைத்தான் அங்கே வந்து கேட்க வேண்டும். அன்றைக்கு மட்டும் மச்சாண்டாரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.